இனப்படுகொலைகளைப் பற்றி ஏன் படிக்க வேண்டும்? மதுரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாசிப்பு வட்டமாகக் கூடி, இனப்படுகொலைகளையும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களையும் பற்றிப் படித்து வருகிறோம். கல்லூரி மாணவர்கள், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள், உயர் நீதிமன்றக் கிளையில் தொழில் செய்யும் இளம் வழக்கறிஞர்கள் என்று பலரும் வருகிறார்கள். அவர்கள் கேட்பதையும், பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் கேட்பதையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இவ்வளவு கொடுமைகளைத் தேடித் தேடி எதற்குப் படிக்க வேண்டும்?

கொலை நடந்த நாளைப் பற்றி மட்டும்தான் படிப்பு என்றால் வேண்டாம் என்றே நானும் சொல்வேன். எங்கள் நேரமெல்லாம் அந்த நாளுக்கு முந்தைய ஆண்டுகளில்தான் கழிகிறது.

ருவாண்டாவில் 1994 ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ நூறு நாட்களில் சுமார் 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் டுட்சி என்ற சிறுபான்மை இனத்தவர்; ஹூட்டுகள் அங்கே பெரும்பான்மை. சாலைத் தடுப்புகளில் நின்றவர்கள் முதலில் கேட்டது அடையாள அட்டையை. ஹூட்டு, டுட்சி என்று அட்டையில் குறிக்கும் வழக்கம் பெல்ஜிய ஆட்சியில், 1930களில் வந்தது. ஜெர்மனியில் 1935இல் வந்த நியூரம்பர்க் சட்டங்கள் தாத்தா பாட்டியின் மதத்தை வைத்து ஒருவர் யூதரா இல்லையா என்று முடிவு செய்தன. கொல்வதற்கென்றே கட்டிய முகாம்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது.

கொலைக்கு வெகு முன்பே ஒரு பதிவேடு தயாராகிவிடுகிறது. அதை எழுதுகிறவர் பெரும்பாலும் யாரையும் அடிக்காத, மாதச் சம்பளம் வாங்கும் குமாஸ்தா. எழுதப்படுகிற காலத்திலேயே ‘இது எதற்கு, யாருக்காக?’ என்று கேட்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேராவது வேண்டும். அதற்காகத்தான் படிக்கிறோம்.

இனப்படுகொலை, மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம். மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை ஏற்ற இனப்படுகொலை உடன்படிக்கை இப்படி வரையறுக்கிறது: ஒரு தேசிய, இன, மரபின அல்லது மதக் குழுவை முழுமையாகவோ பகுதியாகவோ அழிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடு செய்யப்படும் ஐந்து வகைச் செயல்கள். கொல்லுதல், உடலுக்கோ மனத்துக்கோ கடுமையான கேடு விளைவித்தல், அழிந்துபோகும்படியான வாழ்நிலைமைகளைத் திணித்தல், பிள்ளைப்பேற்றைத் தடுத்தல், பிள்ளைகளைப் பிடுங்கி வேறு குழுவிடம் கொடுத்தல். ஆக, ஒரு உயிரும் போகாமலேகூட இந்தக் குற்றம் நடக்கலாம். அதேபோல, லட்சம் பேர் செத்தாலும் அழிக்கும் நோக்கம் நிரூபணமாகாவிட்டால் சட்டப்படி இந்தப் பெயர் நிற்காது.

மனிதகுலத்துக்கு எதிரான குற்றத்துக்கு அந்த நோக்கம் தேவையில்லை. பொதுமக்கள் மீது பரவலாகவோ திட்டமிட்ட முறையிலோ நடக்கும் தாக்குதலின் பகுதியாக, அது தெரிந்தே செய்யும் கொலை, சித்திரவதை, வல்லுறவு, ஆட்களைக் காணாமல் ஆக்குதல் போன்றவை இதில் சேரும். போர்க்குற்றம் என்பது ஆயுதப் போரின் விதிகளை மீறுவது.

இவற்றில் ஒன்று பெரிது, மற்றது சிறிது என்று நினைத்துக்கொள்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. கம்போடியாவில் 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் பதினைந்து லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். 2018இல் வந்த தீர்ப்பில் இனப்படுகொலை என்று நிரூபணமானது வியட்நாமியர்களுக்கும் சாம் முஸ்லிம்களுக்கும் இழைக்கப்பட்டது மட்டும்தான். பெரும்பான்மைக் கெமர் மக்களுக்கு நேர்ந்தது மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் என்ற தலைப்பில் வந்தது. பட்டினியில் செத்த கெமர் விவசாயியின் சாவு அதனால் குறைந்துவிடுமா?

இதெல்லாம் எங்கேயோ நடந்தது. மதுரைக்காரனுக்கு இதில் என்ன இருக்கிறது?

சேடபட்டிப் பக்கம் பெருங்காமநல்லூருக்குப் போய்ப் பாருங்கள்.

ஆங்கிலேயர்கள் 1871இல் வடக்கே கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911 திருத்தத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறந்த சாதியை வைத்தே ஒருவரைக் குற்றவாளி என்று எழுதிவைக்கும் சட்டம் அது. மதுரைச் சீமையில் பிரமலைக் கள்ளர்கள் அதில் சிக்கினார்கள். ஊர்க்காரர்கள் இன்றும் அதை ரேகைச் சட்டம் என்றுதான் சொல்கிறார்கள். பதிவேட்டில் பெயர் ஏற்றி, விரல் ரேகை வாங்குவார்கள். பெயர் ஏறியவர்கள் ராத்திரியில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். வெளியூர் போக வேண்டுமென்றால் சீட்டு வாங்க வேண்டும். மகளைக் கட்டிக்கொடுத்த ஊருக்குப் போய் ஒரு ராத்திரி தங்குவதற்கும் சீட்டு.

1920 ஏப்ரல் 3. ரேகை வைக்க மாட்டோம் என்று பெருங்காமநல்லூர் மக்கள் நின்றார்கள். போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள். அதில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டு போனபோது அவர் கொல்லப்பட்டார் என்று அந்த ஊரில் வழிவழியாகச் சொல்கிறார்கள். இறந்தவர்களின் பெயர்களோடு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்தச் சட்டத்துக்கு எதிராகக் கள்ளர்களின் பக்கம் நின்று வாதாடினார். மக்கள் அவரை அன்போடு ரோசாப்பூ துரை என்று அழைத்தார்கள். சென்னை மாகாணத்தில் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது.

உசிலம்பட்டிப் பக்கம் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளில் படித்தவர்கள் எங்கள் வட்டத்தில் பலர் இருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தின் பெயர்ப் பலகையில் உள்ள ‘சீரமைப்பு’ எங்கிருந்து வந்தது, யாரைச் சீரமைக்க வந்தது என்று அவர்களில் பாதிப் பேருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ருவாண்டா அட்டையைப் பற்றிப் படித்த வாரம், அவர்களில் ஒரு ஆசிரியை தன் தாத்தாவின் ராத்திரிச் சீட்டைப் பற்றிப் பேசினார். அன்றைக்கு வேறு பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

அப்படியானால் பெருங்காமநல்லூரில் நடந்ததும் இனப்படுகொலையா? மேலவளவு?

பெருங்காமநல்லூரை நான் இனப்படுகொலை என்று சொல்வதில்லை. ஒரு சமூகத்தையே பிறப்பால் குற்றவாளியாக்கி ஆண்டுக்கணக்கில் ஒடுக்கியதை, இன்றைய அளவுகோலில், மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களில் ஒன்றான ‘துன்புறுத்தல்’ என்பதோடு வைத்துப் படிக்கலாம். சாதி அடிப்படையில் நடக்கும் கொலை அந்த 1948 உடன்படிக்கையின் வரையறைக்குள் நேரடியாக வராது.

மேலூர் அருகே மேலவளவில், தனித்தொகுதியான ஊராட்சியில் தேர்தலில் வென்ற தலைவர் முருகேசனும் மேலும் ஐந்து பேரும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆறு பேரும் தலித்துகள். அது சாதி வன்கொடுமை. அதற்கென 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. சரியான பெயரைச் சொன்னால் சரியான வழக்கு நிற்கும். எல்லாவற்றுக்கும் பெரிய பெயரை எடுத்து ஒட்டினால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்குத்தான் வேலை சுலபம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1920இல் அடிவாங்கிய சமூகங்களும் 1997இல் அடித்த சமூகங்களும் இந்த ஒரே மாவட்டத்துக்காரர்கள். நேற்று பாதிக்கப்பட்டவர் இன்று யாரையும் பாதிக்க மாட்டார் என்ற உறுதி எங்கும் கிடையாது. இதை வட்டத்தில் பேசும் நாட்களில் குரல் உயரும். உயரட்டும் என்றுதான் விடுகிறேன்.

எண்ணாயிரம் சமணர்களை மதுரையில் கழுவேற்றினார்களே, அது உண்மையா?

மதுரையில் வாரம் தவறாமல் யாராவது கேட்கும் கேள்வி. கோபத்தோடும் கேட்கிறார்கள், பெருமையோடும் கேட்கிறார்கள்.

கதை இதுதான்: ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தரிடம் அனல் வாதத்திலும் புனல் வாதத்திலும் தோற்ற சமணர் எண்ணாயிரவர், கூன் பாண்டியன் காலத்தில் கழுவேறினார்கள். நமக்குக் கிடைக்கும் விரிவான கதை பெரியபுராணத்தில் இருக்கிறது. அது பன்னிரண்டாம் நூற்றாண்டு நூல். சம்பவம் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு ஐந்நூறு ஆண்டு பின்னால் எழுதப்பட்டது. அந்தக் காலத்துக் கல்வெட்டு எதிலும் இப்படியொரு கொலை பதிவாகவில்லை.

கீழக்குயில்குடி சமணர் மலைக்கு வாருங்கள். அடிவாரத்தில் அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும் இருக்கின்றன. படியேறிப் பேச்சிப்பள்ளத்துக்குப் போனால் பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள். அவற்றின் கீழே வட்டெழுத்து. இன்னாருடைய மாணாக்கர் இன்னார் ‘செய்வித்த திருமேனி’ என்று வெட்டியிருக்கிறார்கள். எழுத்தின் காலம் ஒன்பது, பத்தாம் நூற்றாண்டு. அதாவது சம்பந்தருக்கு இருநூறு, முந்நூறு ஆண்டு கழித்தும் மதுரைக்குப் பக்கத்திலேயே சமணப் பள்ளி நடந்திருக்கிறது, மாணாக்கர்கள் படித்திருக்கிறார்கள், சிலை செய்யக் காசும் இருந்திருக்கிறது. எல்லோரையும் ஒரே நாளில் அழித்துவிட்டார்கள் என்ற கதையோடு இது ஒத்துப்போகவில்லை.

அதற்காக ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. சமயப் பூசல் இருந்தது. தேவாரத்திலேயே சமணர்களைத் திட்டும் பாடல்கள் நிறைய. எண்ணிக்கை என்ன, கொலை நடந்ததா என்பதற்கு இந்தச் சான்றுகள் பதில் தராது. ஆனால் வேறொன்றை ஐயமில்லாமல் சொல்லலாம்: பல்லாயிரம் பேரைக் கழுவேற்றியதை வெற்றியாகச் சொல்லி, ஓவியமாக வரைந்து, விழாவாக நடித்த ஒரு மரபு நம் ஊரில் இருந்திருக்கிறது. கொலை நடந்திருந்தாலும் நடக்காவிட்டாலும், அதைக் கொண்டாடும் மனநிலை எப்படி உருவாகிறது என்பதும் இந்தப் படிப்பின் பாடம்தான்.

ஈழத்தில் நடந்தது இனப்படுகொலை என்று நமக்குத் தெரியும். இதில் புதிதாகப் படிக்க என்ன இருக்கிறது?

தெரியும் என்கிறவர்களிடம் நான் மூன்று தேதிகளைக் கேட்பேன். 1956இல் என்ன சட்டம் வந்தது? 1981இல் ஜூன் பிறந்த இரவில் என்ன எரிந்தது? 1983 ஜூலை 25ஆம் தேதியும் 27ஆம் தேதியும் வெலிக்கடைச் சிறையில் எத்தனை பேர்? பெரும்பாலோர் முள்ளிவாய்க்காலை மட்டும் சொல்வார்கள். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டம், சுமார் 97,000 நூல்களோடு எரிந்த யாழ்ப்பாண நூலகம், சிறைக்குள் கொல்லப்பட்ட 53 தமிழ்க் கைதிகள், இவற்றைக் கோத்துப் பார்க்காமல் 2009 மே மாதத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

இன்னொரு காரணம், சான்று. இரு தரப்பும் போர்க்குற்றங்களும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களும் செய்தன என்பதற்கு நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் உண்டு என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011இல் சொன்னது. இனப்படுகொலை என்று வட மாகாண சபை 2015 பிப்ரவரியில் தீர்மானம் போட்டது. ஆனால் எந்தப் பன்னாட்டு நீதிமன்றமும் இதுவரை இதை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லவில்லை. அது இனப்படுகொலை என்பதே என் கருத்து. நான் அதை மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள். நீதிமன்றத்தில் சொல்ல, நோக்கத்தை நிரூபிக்கும் உத்தரவு வேண்டும், சாட்சி வேண்டும், எலும்பு வேண்டும். பொஸ்னியா வழக்கில் 2007இல் சர்வதேச நீதிமன்றம் சுமார் 8,000 ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்ட ஸ்ரெப்ரெனிட்சாவை மட்டும்தான் இனப்படுகொலை என்றது. மற்ற ஊர்க் கொலைகளில் நோக்கம் நிரூபணமாகவில்லை என்றது. தடை அவ்வளவு உயரம்.

1996இல் கிருஷாந்தி குமாரசுவாமி என்ற பள்ளி மாணவி யாழ்ப்பாணத்தில் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தண்டனை பெற்ற ராணுவச் சிப்பாய் 1998இல் நீதிமன்றத்தில் வாய்திறந்ததால்தான் செம்மணிப் புதைகுழி வெளியே தெரிந்தது. 2025இல் செம்மணியில் மறுபடி தோண்டியபோது நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. செம்மணி என்ற பெயர் முதலில் வெளியே வந்தது ஒரு பெண்ணின் வழக்கை விடாமல் நடத்தியதன் பலன். முழக்கத்தைவிட அந்த வழக்கின் தாள்கள் அதிகம் செய்திருக்கின்றன.

புலிகள் செய்ததையும் படிக்க வேண்டுமா? எதிரிக்குத்தானே அது உதவும்?

படிக்க வேண்டும். 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்களும் தமிழ் பேசியவர்கள். இறுதிப் போரில் தப்பி ஓடிய மக்களைப் புலிகள் சுட்டதையும் அதே ஐ.நா. குழு எழுதியிருக்கிறது. இதை மறைப்பவர் சொல்லும் மற்ற உண்மைகளையும் கேட்பவர் நம்ப மாட்டார்.

எண்ணிக்கை ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்களே, எதை நம்புவது?

எப்படிக் கணக்கிட்டார்கள் என்று பாருங்கள். இறுதிப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று நம்பத்தகுந்த தரப்புகள் மதிப்பிட்டதாக நிபுணர் குழு சொன்னது. மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் சொன்ன எண் 1,46,679. அவர் செய்தது கழித்தல் கணக்கு: 2008 அக்டோபரில் அரசு அதிகாரிகளின் பதிவுப்படி வன்னியில் இருந்தவர்கள் 4,29,059, போருக்குப் பின் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 2,82,380. மீதிப் பேர் எங்கே என்று கேட்டார். அது கணக்கில் வராதவர்களின் எண்; அத்தனை பேரும் இறந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. மேடைகளில் அது இறந்தவர் எண்ணாக மாறிவிட்டது. அரசு தன் கையாலேயே எழுதிய பதிவேட்டை வைத்துக்கொண்டு அரசையே கேட்ட அவரது கேள்வி, மேடைப் பேச்சைவிடப் பலமானது.

பக்கத்து முகாம்களுக்குப் போய்ப் பேட்டி எடுக்கலாமா?

ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் என்று மதுரை மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அனுமதி வாங்காமல் போகாதீர்கள். போனாலும் ‘உங்க கண் முன்னாடி என்ன நடந்துச்சு?’ என்று தொடங்காதீர்கள்.

ஒரு முகாமில் எங்கள் மாணவி ஒருத்தி அப்படித்தான் தொடங்கினாள். அந்த அம்மா பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தகரப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே மடிப்பு மடிப்பாகக் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், மடிப்பில் கிழியாமல் இருக்கப் பின்பக்கம் ஒட்டுத்தாள். ‘பிள்ளை, இதில எல்லை எது எண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ’ என்றார். வடக்கே யாருடைய வளவு, கிழக்கே எந்த ஒழுங்கை என்று அவள் படிக்கப் படிக்க, அந்த வீடுகளில் இருந்தவர்களைப் பற்றி அவராகவே சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் ஒலிப்பதிவுக் கருவியை வெளியே எடுக்கவே இல்லை. சொல்வதும் சொல்லாமல் இருப்பதும் அவர்கள் உரிமை. பெயர், ஊர் வெளியே போனால் அங்கே இருக்கும் சொந்தங்களுக்கு ஆபத்து வரலாம் என்பதையும் மறக்கக் கூடாது.

பிள்ளை மனசு கெட்டுப்போகாதா? எந்த வயதில் தொடங்கலாம்?

எட்டாம் வகுப்பில் பெருங்காமநல்லூரைச் சொல்லலாம். பிணங்களின் படத்தை எந்த வயதிலும் அதிர்ச்சிக்காகக் காட்டக் கூடாது. அந்தப் படத்தில் கிடப்பவருக்கும் ஒரு தாய் உண்டு. ஓர் ஆளின் வாழ்க்கை, ஓர் ஆவணம், காப்பாற்றிய ஒருவர் என்று எடுத்துக்கொண்டால் பிள்ளைகள் தாங்குவார்கள். பாடம் முடிந்ததும் பேச நேரம் விடுங்கள். மதுரையில் இருந்து இயங்கும் மக்கள் கண்காணிப்பகம் பள்ளிகளுக்கு மனித உரிமைக் கல்வியைக் கொண்டுபோய்ப் பல ஆண்டுகளாகின்றன; அந்த அனுபவம் உள்ள ஆசிரியர்கள் இந்த மாவட்டத்தில் கிடைப்பார்கள். கேளுங்கள்.

பழைய புண்ணைக் கிளறினால் பகைதானே வளரும்?

‘அவனுங்க’ என்று பேசிக்கொண்டே படித்தால் வளரும். எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: எந்தச் சம்பவத்தைப் படித்தாலும் அதில் கொல்ல மறுத்தவர்களையும் தேடிப் பிடிக்க வேண்டும். 1983இல் தமிழ்க் குடும்பங்களைத் தங்கள் வீட்டில் ஒளித்துவைத்த சிங்களவர்கள் இருந்தார்கள். ருவாண்டாவில் டுட்சிகளை மறைத்துவைத்த ஹூட்டுகள் இருந்தார்கள். அவர்களைப் படிக்காமல் விட்டால், ‘எல்லோரும் அப்படித்தான், வேறு வழியில்லை’ என்ற கொலையாளிகளின் வாதத்தை நாமே ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும்.

நம் நாட்டுச் சட்டத்தில் இனப்படுகொலைக்குத் தண்டனை உண்டா?

அந்தப் பெயரில் தனிக் குற்றமே இல்லை. இந்தியா 1949இல் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு 1959இல் ஏற்புறுதி செய்தது. உள்நாட்டுச் சட்டம் இயற்றும் கடமை அதில் இருக்கிறது, இன்றுவரை இயற்றவில்லை. 1984 டெல்லி சீக்கியர் படுகொலை தொடர்பாக சஜ்ஜன் குமார் வழக்கில் 2018 டிசம்பர் 17 அன்று தீர்ப்பளித்த டெல்லி உயர் நீதிமன்றம், இனப்படுகொலையும் மனிதகுலத்துக்கு எதிரான குற்றமும் நம் குற்றவியல் சட்டத்தில் இல்லாத ஓட்டையை அவசரமாக அடைக்க வேண்டும் என்றது. 2024 ஜூலையில் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. ஓட்டை அப்படியே இருக்கிறது. சட்டம் படிக்கும் பிள்ளைகள் கையில் எடுக்க இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியவில்லை.

இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

இதற்கென்று தனி வேலை நம் ஊரில் அநேகமாக இல்லை. சட்டம், இதழியல், தடய அறிவியல், ஆவணக் காப்பகம், சமூகப் பணி என்று ஏதாவது ஒன்றில் இருப்பவருக்கு இது கூடுதல் பலம்.

எங்கிருந்து தொடங்குவது?

உடன்படிக்கையில் மொத்தமே 19 பிரிவுகள். ஒரு மணி நேரத்தில் படித்துவிடலாம். இரண்டாம் பிரிவை மட்டும் இரண்டு தடவை படியுங்கள். அடுத்து, ருவாண்டா தீர்ப்பாயம் 1998 செப்டம்பர் 2 அன்று அகயேசு வழக்கில் கொடுத்த தீர்ப்பு. இனப்படுகொலைக்காக ஒரு பன்னாட்டு நீதிமன்றம் ஒருவரைத் தண்டித்தது அதில்தான் முதல் தடவை. அந்த ஆள் படைத்தளபதி இல்லை, ஓர் ஊரின் மேயர். பிறகு 2011 ஐ.நா. குழு அறிக்கை. ஆங்கிலம் தடையாக இருந்தால் நான்கைந்து பேர் சேர்ந்து, ஆளுக்குப் பத்துப் பக்கம் படித்துத் தமிழில் சொல்லிக்கொள்ளுங்கள். நாங்களும் அப்படித்தான் படிக்கிறோம்.

நேரில் பார்க்க விரும்பினால் ஒரே நாளில் சமணர் மலையையும் பெருங்காமநல்லூரையும் முடிக்கலாம். மலைக்கு வெயில் ஏறுமுன் காலையிலேயே போய்விடுங்கள். பெருங்காமநல்லூரில் ஏப்ரல் 3 அன்று அஞ்சலி செலுத்த வருகிறவர்களின் கூட்டம் இருக்கும். ஊர்ப் பெரியவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டுமென்றால் வேறு நாளில் போவது நல்லது. போகும்போது நோட்டும் பேனாவும் எடுத்துப் போங்கள். அவர்கள் சொல்லும் பெயர்களையும் உறவுமுறைகளையும் அன்றைக்கே எழுதி, எழுதியதை அவர்களிடமே படித்துக்காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.